பூட்டிய பந்தும் ஒரு தீவின் கதையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் சாமியார் எழுந்தால் என்ன பேசுவார் என்பது உங்களுக்கு மனப்பாடம். உடல் நலம், உள்ள நலம் என்று தொடங்கி, புனித பவுல் பந்தயத்தில் ஓடியதில் கொண்டுபோய் முடிப்பார். நானே பல ஊர்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன். அதோடு சேர்த்து என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தனித்தனியாகச் சொல்ல வழியில்லை.

அம்மனிதர் தென்னாப்பிரிக்க நாட்டவர். பெயர் டிக்காங் மொசெனெக்கே. வாயில் நுழையக் கொஞ்சம் சிரமம்தான். இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் பழகிவிடும். அவர் கதை என் கைக்கு வந்த வழி ஒரு தமிழர் வீட்டு வழி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் மதுரையில், மேல மாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையைத் துறந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்கும் தமிழ் மக்களுக்கும் உறவு அதற்கு வெகுகாலம் முன்பே தென்னாப்பிரிக்காவில் ஏற்பட்டுவிட்டது. அங்கே தமிழ்ச் சமூகத்தின் தலைவராக இருந்தவர் தம்பி நாயுடு. 1875இல் மொரீசியசில் பிறந்தவர். 1908 பிப்ரவரியில் ஜோஹானஸ்பர்க் தெருவில் காந்தியைச் சிலர் அடித்து வீழ்த்தியபோது, குறுக்கே பாய்ந்து தாமும் அடி வாங்கியவர். 1914இல் காந்தி அந்நாட்டை விட்டுப் புறப்பட்ட காலத்தில் தம் ஆண்மக்கள் நால்வரையும் அவரிடமே ஒப்படைத்தார். அந்நால்வரில் ஒருவர் நாரணசாமி. நாரணசாமியின் மகன் இந்திரஸ் நாயுடு.

இந்த இந்திரஸ், 1963 ஏப்ரலில், இரயில்வேக்குச் சொந்தமான ஓர் இடத்தில் வெடி வைக்கப் போய், போலீசாரின் குண்டுக் காயத்தோடு பிடிபட்டார். காந்தியின் கையில் பிள்ளைகளைக் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர் வெடிமருந்தைத் தொட்டார் என்பதை நான் மறைக்கவும் மாட்டேன், மெச்சவும் மாட்டேன். ஆனால் 1960 மார்ச்சில் ஷார்ப்வில் என்னும் ஊரில், அடையாளச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து வெறுங்கையோடு நின்ற கூட்டத்தைச் சுட்டு 69 பேரைச் சாகடித்த ஆட்சி அது. அங்கே வாழாத நாம் நியாயம் பேசுவதில் நிதானம் வேண்டும். பத்தாண்டுத் தண்டனை பெற்று, கேப் டவுன் கரைக்கு அப்பால் கடல் நடுவே இருக்கும் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார் இந்திரஸ். அவருடைய கைதி எண் 885/63. அவர் வாய்மொழியாகச் சொல்ல, ஆல்பி சாக்ஸ் என்னும் வழக்கறிஞர் எழுதி, 1982இல் வெளியான புத்தகத்தின் முகப்பிலேயே அந்த எண் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். தமிழ்ப் பெயர் தெரிந்ததால் திறந்தேன். பிறகு அத்தீவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். 1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானபோது குருமட மாணவர்களாகிய நாங்கள் கைதட்டினோம். அந்தத் தீவில் மண்டேலா ஒருவர்தாம் இருந்தார் என்பதுபோல இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கானவர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிறியவர்தாம் மொசெனெக்கே.

அவர் 1947இல் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. வெள்ளையருக்கு ஒரு தெரு, கறுப்பருக்கு ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பு. இதை நம் ஊர் மக்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில்தான் நாமும் பிறந்தோம். பதினான்கு வயதில் அவர் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் என்னும் விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். 1963 மார்ச்சில் போலீசார் அவரைப் பிடித்தபோது வயது பதினைந்து. அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது வழக்கு. தண்டனை பத்தாண்டு. இங்கே முன்வரிசையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு இருக்கும் வயது. இவன் இப்போது சிறைக்குள் போனால் இருபத்தைந்து வயதில்தான் வெளியே வருவான் என்று நினைத்துப் பாருங்கள். அவனுடைய அம்மா இங்கேதான் இருக்கிறார்கள், மேற்கொண்டு சொல்லவில்லை.

தீவில் என்ன வேலை? கல்லுடைக்கும் வேலை. கடற்காற்றில் குளிர் எலும்பைத் துளைக்கும் இடத்தில், இந்தியக் கைதிகளுக்கு நீளக் கால்சட்டை. ஆப்பிரிக்கக் கைதிகளுக்கு அரைக்கால் சட்டை. இந்தியருக்கு ரொட்டி உண்டு. ஆப்பிரிக்கருக்கு ரொட்டி கிடையாது. ஒரே சிறை, ஒரே கல், ஒரே சம்மட்டி. இருந்தாலும் தட்டில் வேற்றுமை. சிறையதிகாரிகள் விவரம் தெரியாமல் இதைச் செய்யவில்லை. பிரித்து வைத்தால் ஆள்வது எளிது என்று தெரிந்தே செய்தார்கள். இது போதாதென்று கைதிகளுக்குள்ளேயும் பிரிவு இருந்தது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்காரர் ஒரு பக்கம், பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ்காரர் ஒரு பக்கம். வெளியே இருந்த பகை உள்ளேயும் வந்துவிட்டது.

இந்த நிலையில் அவர்களுக்குக் கால்பந்து ஆட ஆசை வந்தது. சட்டைத் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, சிறையறைக்குள் ஒளித்து ஒளித்து ஆடிப் பார்த்தார்கள். மைதானத்தில் ஆட அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்தார்கள். அடுத்த வாரமும் கேட்டார்கள். கேட்ட குற்றத்துக்காகச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். அதற்கடுத்த வாரமும் ஒருவர் எழுந்து கேட்டார். இப்படியே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். செஞ்சிலுவைச் சங்கத்தாரும் இடைவிடாமல் வற்புறுத்தினார்கள். கடைசியில் 1967 டிசம்பரில், சனிக்கிழமைகளில் சிறிது நேரம் ஆடலாம் என்று கதவு திறந்தது. ரேஞ்சர்ஸ், பக்ஸ் என்ற இரண்டு அணிகள் முதல் ஆட்டம் ஆடின.

இந்தப் பக்கத்துக்கு வந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

சென்ற ஆண்டு மே மாதத் திருநாளில் இதே கண்மாயில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஆட்டம் நடந்தது. கருவேலங் கம்பு நட்டு, மேலே குறுக்குக் கட்டைக்குப் பதிலாகத் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தோம். கடைசி நிமிடத்தில் அடித்த பந்து கயிற்றின்மேல் பட்டது. கயிறு ஆடியது, பந்து உள்ளே போயிற்று. கயிற்றுக்கு மேலேயா, கீழேயா? கோலா, இல்லையா? பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் ஒரு நிமிடம்கூட இராது. அதற்குள் பெரியவர்கள் இறங்கிவிட்டார்கள். கல் பறந்தது. ஒரு பையனுக்குத் தலையில் ஏழு தையல். அன்று இரவு சப்பரத்துக்கு ஒரு தெரு வந்தது, ஒரு தெரு வரவில்லை. பந்தில் தொடங்கியது பந்தோடு நிற்கவில்லை. பழைய கணக்குகளெல்லாம் வாய்க்கு வாய் கிளம்பின. அவற்றை இந்த மேடையில் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

நான் என்ன செய்தேன்? பந்தை வாங்கிச் சக்ரீஸ்து அலமாரியில் பழைய மெழுகுவர்த்திக் கட்டைகளோடு வைத்துப் பூட்டினேன். சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "இனி இந்தப் பங்கில் கால்பந்து கிடையாது" என்று பூசை அறிவிப்பில் சொன்னேன். பலரும் தலையாட்டினார்கள். ஆளத் தெரிந்த சாமியார் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்ததும் மூன்று நான்கு பையன்கள் வந்து நிற்பார்கள். "சாமி, பந்து குடுங்க சாமி." நான் மறுப்பேன். மறு வாரமும் வருவார்கள். பதினொரு மாதம் வந்தார்கள். மஞ்சள் காமாலைப் படுக்கையில் அந்தத் தீவின் கதையைப் படித்துக்கொண்டு வந்த நான், எல்லாரையும்போலக் கைதிகள் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். அந்தப் பக்கத்தில்தான் உறைத்தது: இந்தக் கதையில் சாவி வைத்திருப்பவன் நான்.

சரி, தீவுக்குத் திரும்புவோம். ஏனென்றால் அனுமதி கிடைத்த பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. நம் பிள்ளைகளாக இருந்தால், அவர்களை விடுங்கள், நானாக இருந்தால், பந்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அவர்கள் முதலில் சங்கம் அமைத்தார்கள். மக்கானா கால்பந்துச் சங்கம் என்று பெயர். மக்கானா என்பவர் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு, 1819இல் சிறைப்பட்டு, அதே தீவுக்கு அனுப்பப்பட்டு, தப்ப முயன்று கடலில் மாண்டவர். சங்கத்துக்கு எழுதப்பட்ட விதிமுறை உண்டு. சிறை நூலகத்தில் இருந்த உலகக் கால்பந்துக் கழகமாகிய பிஃபாவின் விதிநூலை வரிவரியாகப் படித்து, அதன்படியே ஆட்டம். மூன்று பிரிவுகளாக லீக். நடுவர்களுக்குத் தனி அமைப்பு. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரு குழு. மேல்முறையீட்டுக்கு வழி. கரை ஒதுங்கிய மீன்வலைகளைக் கொண்டு கோலுக்கு வலை கட்டினார்கள். நாம் தேங்காய்க் கயிறு கட்டினோம். அவர்கள் வலையும் கட்டினார்கள், விதியும் கட்டினார்கள்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் மொசெனெக்கே. பதினைந்து வயதில் உள்ளே போன பையன் இருபதை ஒட்டிய வயதில் தலைவர். அவருக்குக் கீழே ஆடியவர்களில் அவர் அப்பா வயதுக்காரரும் உண்டு. வேறு கட்சிக்காரரும் உண்டு. சும்மா பெயருக்குத் தலைவர் அல்ல. எந்த அணி எந்த வாரம் ஆடும், எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குப் பதிவானவர், நடுவரை வைதவனுக்கு எத்தனை ஆட்டம் தடை, இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலையில் பக்கத்தில் நின்று கல்லுடைக்கும் ஆளுக்கே மாலையில் "ஐயா" என்று தொடங்கி, பொருள் குறித்து, கையொப்பமிட்டுக் கடிதம். பதிலும் அப்படியே. செடிக் ஐசக்ஸ் என்று கேப் டவுனைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர், பதின்மூன்று ஆண்டு அங்கே இருந்தவர். கணக்கும் பதிவேடும் அவர் போன்றவர்களின் கையில் ஒழுங்காக இருந்தன. அந்தத் தாள்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கடுக்காகத் தப்பிப் பிழைத்து, வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. 1993இல் சக் கோர் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் அவற்றைத் திறந்து பார்த்தபோதுதான் வெளியுலகுக்கே விவரம் தெரிந்தது.

மண்டேலாவும் அவருடன் தண்டனை பெற்றவர்களும் தனிப் பகுதியில் அடைக்கப்பட்டிருந்ததால் அவர்களுக்கு ஆட அனுமதி இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து மகிழ்ந்தார்கள். அதையும் பொறுக்காமல் பிற்பாடு மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

முதலில் அணிகள் கட்சிவாரியாகவே அமைந்தன. இந்தக் கட்சிக்கு ஓர் அணி, அந்தக் கட்சிக்கு ஓர் அணி. நம் மேலத்தெரு, கீழத்தெரு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மனோங் என்று ஓர் அணி உண்டாயிற்று. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஆடத் தெரிந்தவனுக்கு இடம் உண்டு என்றார்கள். இந்தப் பொன்விழாப் போட்டிக்கு நாங்கள் தெருவாரியாக அணி சேர்க்காமல், எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு, உபதேசியார் பேத்தியைவிட்டு எடுக்கச் செய்தோமே, அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டீர்கள். இங்கிருந்துதான் வந்தது. மனோங்காரர்கள் திறமை பார்த்துச் சேர்த்தார்கள்; நாம் குருட்டுச் சீட்டுப் போட்டோம். அதனால்தான் ஓர் அணியில் கோல் காப்பாளர்கள் மூன்று பேரும், இன்னோர் அணியில் ஒருவர்கூட இல்லாமலும் போயிற்று. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். தீவிலும் சண்டை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? 1970இல் அட்லாண்டிக் ரெய்டர்ஸ் என்னும் அணி, தங்களுக்கு எதிராகக் கொடுத்த கோலை ஒப்புக்கொள்ளவில்லை. மைதானத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டார்கள், ஆட்டம் நடக்க விடமாட்டோம் என்று. படுத்தவர்கள் சின்னப் பையன்கள் அல்லர். நாட்டுக்காகச் சிறை வந்த பெரிய மனிதர்கள். ஆனாலும் பாருங்கள், கோல் என்று வந்துவிட்டால் மனிதன் மனிதன்தான்.

சங்கம் என்ன செய்தது? பந்தைப் பூட்டவில்லை. விசாரித்தது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தது. படுத்தவர்கள் தங்கள் தரப்பை எழுத்தில் கொடுத்தார்கள். சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று மாதக்கணக்கில் இழுத்தது. படிக்கிற எனக்கே சலிப்புத் தட்டியது. ஒரு கோலுக்கு இத்தனை கடிதமா என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். அந்த மனிதர்களில் பலருக்கு வெளியே இருந்த நீதிமன்றத்தில் நீதி கிடைக்கவில்லை. தீர்ப்பு முதலிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே தங்கள் கைக்கு வந்த ஒரே ஒரு சிறு நீதிமன்றத்தை, அது பந்து பற்றியதாக இருந்தால்கூட, அரைகுறையாக நடத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தபோது இலத்தீனில் ஒரு விதியை மனப்பாடம் செய்தோம். "ஆவுதி ஆல்த்தெராம் பார்த்தெம்." மறு தரப்பையும் கேள் என்று பொருள். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் இங்கே பந்தைப் பூட்டிய அன்று ஒரு தரப்பையும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு தாள் என் நினைவுக்கு வந்தது. பந்தைப் பூட்டிய மூன்றாவது வாரம் ஒரு பையன் என் கையில் ஒரு கடிதத்தைத் திணித்துவிட்டு ஓடினான். பிறகு பார்க்கலாம் என்று திருமணப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு பார்க்கவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்ததும் தேடி எடுத்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த முறையில் எழுதியிருந்தார்கள். பொருள்: கால்பந்து தொடர்பாக. கல் எறிந்தது தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பந்தைத் திருப்பிக் கேட்டு ஒரு வரிகூட இல்லை. சாமி எங்கள் இரண்டு தெருவையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், யார்மேல் தப்போ அவர்களுக்குத் தண்டனை கொடுங்கள், தப்பு இல்லாதவர்களையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டாம், அவ்வளவுதான். கீழே ஒன்பது கையெழுத்து. ஐந்து பேர் மேலத்தெரு, நான்கு பேர் கீழத்தெரு. பெரியவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாதிருந்த அதே மூன்றாவது வாரத்தில், ஒன்பது பையன்கள் எங்கோ ஒன்றாக உட்கார்ந்து, ஒரே பேனாவில், ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் பத்து மாதம் என் மேசையில் படிக்கப்படாமல் கிடந்தது.

அந்த ஒன்பது பேரிடமும் இன்று எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மொசெனெக்கேயின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறைக்குள்ளேயே பள்ளி இறுதி வகுப்பை முடித்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1973இல் விடுதலை. 1976இல் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்து, 1978இல் தாமே வழக்கறிஞரானார். அரசைக் கவிழ்க்கச் சதி செய்தவர் என்று தண்டித்த அதே நாட்டுக்கு, 1993இல் இடைக்கால அரசியல் சட்டம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1994இல், எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலை நடத்திய ஆணையத்தில் துணைத் தலைவர். 2002இல் அரசியல் சட்ட நீதிமன்ற நீதிபதி. இந்திரசின் கதையை எழுதிய ஆல்பி சாக்ஸ், 1988இல் மபுட்டோவில் கார் குண்டில் ஒரு கையை இழந்தவர், அதே நீதிமன்றத்தில் சக நீதிபதியாக அமர்ந்திருந்தார். 2005 முதல் 2016 வரை மொசெனெக்கே துணைத் தலைமை நீதிபதி. ஓய்வுபெற்ற பின்பும் ஒரு பெரிய பொறுப்பு வந்தது. மனநோயாளிகளைத் தகுந்த மருத்துவமனையிலிருந்து அகற்றித் தகுதியற்ற இல்லங்களில் தள்ளியதால் 144 பேர் இறந்த விவகாரத்தில், குடும்பத்தாரையெல்லாம் அழைத்துப் பேசவிட்டுக் கேட்டு, 2018இல் தீர்ப்பளித்தார். முதலில் கேட்டார், பிறகு தீர்ப்பளித்தார் என்பதைக் கவனியுங்கள்.

தீவில் ஆடியவர் அனைவரும் அப்படியே ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ரேஞ்சர்ஸ் அணியில் பின்காப்பு ஆட்டக்காரராக ஆடி, நடுவராகவும் இருந்தவர் ஜேக்கப் ஜூமா. பின்னாளில் நாட்டின் அதிபர். தம் சொந்த வீட்டுக்குச் செய்த அரசுச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட மறுத்து, அதிபராகத் தம் கடமையில் தவறினார் என்று 2016 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் மொசெனெக்கேயும் ஒருவர். முன்னாள் சங்கத் தலைவர் முன்னிலையில் முன்னாள் பின்காப்பாளரின் வழக்கு! நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2021இல் ஜூமா மீண்டும் சிறைக்குப் போனார். விதிநூலைக் கையில் வைத்திருந்தவனெல்லாம் விதிப்படி நடப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாமியார்களுக்கும் இது பொருந்தும்.

2007 ஜூலை 18, மண்டேலாவின் 89ஆவது பிறந்தநாள். அன்று பெலே முதலிய பெரிய ஆட்டக்காரர்கள் அந்தத் தீவுக்கு வந்து 89 முறை பந்தை கோலுக்குள் அடித்தார்கள். மக்கானா சங்கத்தைப் பிஃபா தன் கௌரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. நாடு இல்லாத, நகரம் இல்லாத, சிறைக்கம்பிக்குள் இருந்த ஒரு சங்கம் உலகக் கழகத்தில் இடம்பெற்றது.

இனி நம் காரியம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிக்கூடத்து நடுக்கட்டிடத்தில் கால்பந்துச் சங்கப் பொதுக்குழு கூடும். தலைவர், செயலர், பொருளாளர் மூவரையும் ஆடுகிறவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தலைவர் அல்ல. கூப்பிட்டால் வருவேன், எனக்கு வாக்கு இல்லை. பேரவைப் பெரியவர்களுக்கும் வாக்கு இல்லை, மனத்தாங்கல் வேண்டாம். விதிகளை நீங்களே எழுதுங்கள். பெண் பிள்ளைகள் மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சேர்ப்பதா என்று என்னிடம் கேட்டார்கள். சங்கத்திடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சங்கம் மறுத்தால் அந்த மூவரும் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கும் ஒரு விதி எழுதி வையுங்கள். கயிற்றில் பட்ட அந்தப் பந்து கோலா இல்லையா என்பதையும் சங்கம் விரும்பினால் எடுத்து விசாரிக்கலாம். நான் சாட்சி சொல்லத் தயார். நான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்பதுதான் என் சாட்சியம். அந்தக் கம்புகளுக்கு இரும்புக் குழாயில் குறுக்குச் சட்டம் போட்டுத் தர நம் பட்டறைக்காரர் ஒருவர் முன்வந்திருக்கிறார்.

பழைய பந்தை எடுத்துப் பார்த்தேன். பதினொரு மாதத்தில் தோல் சுருங்கி, பிளாடர் ஒட்டிப்போயிற்று. எலியும் ஒரு பக்கம் கடித்திருக்கிறது. அந்தச் செலவு என் கணக்கு. புதிதாக வாங்கியதை மேசைமேல் வைத்திருக்கிறேன்: பந்து இரண்டு, பம்பு ஒன்று, ஊசி மூன்று, விசில் ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று, அலமாரிச் சாவி ஒன்று. சங்கம் அமையும்வரை இவற்றை வாங்கி வைத்துக்கொள்ள, கடிதத்தில் கையெழுத்திட்ட ஒன்பது பேரிலிருந்து இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். தெருவுக்கு ஒருவர். ரசீது எழுதி வைத்திருக்கிறேன். சாமான்களை எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பேனா இங்கே இருக்கிறது.